ஆறாயிரம் அடி உயரத்தில் ஒரு சின்னக் கார்

கொழும்பிலே, கடல் மட்டத்தை ஒட்டிய ஏதோ ஒரு தெருவிலே, 47 குதிரைவலுவோடு புறப்படுகிற 796 சிசி யந்திரம் பூட்டிய ஒரு சின்னக் கார், கினிகத்தேனை ஏற்றத்தையும் ஹட்டனையும் தலவாக்கலையையும் நானுஓயாவையும் கடந்து, நுவரெலியாவில் சற்று இளைப்பாறி, பின்னும் பத்துக் கிலோமீற்றர் மலைச்சரிவுகளைச் சுற்றிக் கந்தப்பளைக் கடைத்தெருவில் வந்து நிற்கும்பொழுது, அதனிடம் ஏறக்குறைய 38 குதிரைவலுவே எஞ்சியிருக்கிறது. யந்திரத்தில் பழுது ஒன்றும் இல்லை. 1900 மீற்றருக்கு மேற்பட்ட இந்த உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். பெற்றோல் எரிவதற்கு வேண்டிய பிராணவாயு அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. ஆகவே யந்திரத்தின் சக்தியும் அதே அளவுக்குக் குறைகிறது. இதை விற்பனையாளர் சொல்வதில்லை, விளம்பரப் பத்திரிகையும் சொல்வதில்லை. லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கிற அந்தக் கணக்கு, சமவெளியில் வாழ்கிறவர்களுக்காகச் சமவெளியில் போடப்பட்ட கணக்கு.

கந்தப்பளையிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் இராகலை, உடப்புசல்லாவை வழியிலும் இன்று சின்னக் கார்கள் பெருகியிருக்கின்றன. பாடசாலை வாசலில், மாரியம்மன் கோயில் திடலில், மரக்கறி லொறிகள் லீக்ஸும் கரட்டும் கோவாவும் ஏற்றிக்கொண்டு நிற்கும் வீதியோரத்தில், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் போகும் பாதை தொடங்குகிற வளைவில், எங்கே பார்த்தாலும் ஓர் ஆல்டோவோ ஒரு வெகன் ஆரோ தென்படுகிறது. இவற்றை வாங்கியவர்கள் செல்வந்தர்கள் அல்லர். ஆசிரியர்களும், கடை வைத்திருப்பவர்களும், அரைக்கால் ஏக்கரிலே கிழங்கு பயிரிடுகிறவர்களும், கொழும்பிலோ வளைகுடா நாட்டிலோ உழைத்துப் பணம் அனுப்பிய பிள்ளைகளின் பெற்றோர்களும் ஆவர். இவர்கள் எந்தக் காரை வாங்க வேண்டும், எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைப் பற்றி, இந்த மலையிலே பிறந்து, இந்த மலையிலேயே ஆசிரியத் தொழில் செய்து, இருபது ஆண்டுகளாகச் சின்னக் கார் ஓட்டிவருகிற அநுபவத்தைக்கொண்டு சில விஷயங்களைச் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

அதற்கு முன், இந்த மண்ணில் வாகனம் என்பது யாருடையதாக இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. என் பாட்டனார் காலத்தில் தோட்டத்துக்கு ஒரே ஒரு கார்தான். அது தோட்டத்தை நிர்வகித்த துரையின் கார். அது வரும் சத்தம் கேட்டால் பாதையை விட்டு ஒதுங்கித் தேயிலைச் செடிகளோடு செடியாக நிற்பது பழக்கமாக இருந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாகக் கந்தப்பளையைத் தொட்டு இராகலை வரை ஒரு குறுகிய ரயில் பாதையும் அப்பொழுது இருந்தது; தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடி அகலமே கொண்ட அந்தப் பாதை 1903ஆம், 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டு, தேயிலைப் பெட்டிகளைக் கீழே கொண்டுபோய், மோட்டார் லொறிகளின் போட்டியைத் தாங்கமாட்டாமல் 1940களில் முற்றாக மூடப்பட்டது. ஆறாயிரம் அடிக்கு மேலே ஒரு ரயில் நிலையம் நம் ஊரில் இருந்தது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்புவதற்குத் தயங்குகிறார்கள். ரயில் போன பிறகு, ஜனங்களுக்கு எஞ்சியது கால்களும், வந்தால் வந்தது என்றிருந்த பேருந்தும், அவசரத்துக்குத் தோட்டத்து லொறியுமே. பிரசவ வேதனையில் துடித்த பெண்களைக் கம்பளியில் தொட்டில் கட்டி, இரண்டு பேர் முன்னும் இரண்டு பேர் பின்னுமாகப் பாதை வரைக்கும் தூக்கிவந்த காட்சியைச் சிறு பிராயத்தில் நான் இரண்டு முறை கண்டிருக்கிறேன். இரண்டாவது முறை தூக்கிவந்தவர்கள் பாதைக்கு வந்து சேர்ந்தும் லொறி வரவில்லை. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

லயத்திலே வாழ்கிறவர்களுக்குக் கார் ஏன் இத்தனை பெரிய விஷயமாக இருக்கிறது என்பதை வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் பெரும்பாலும் தவறாகவே விளங்கிக்கொள்கிறார்கள். ஆடம்பரம் என்கிறார்கள், கடன்பட்டுக் கௌரவம் தேடுகிறார்கள் என்கிறார்கள். இப்படிச் சொல்கிறவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக ஆக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரண்டு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டு, 2003ஆம் ஆண்டில்தான் சட்டத்தின் வழியாக எஞ்சிய எல்லோரும் இந்த நாட்டின் பிரஜைகள் என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒரு சமூகத்தில், மூன்று தலைமுறையாகக் குடியிருந்த லயக் காம்பராவுக்குக்கூட உறுதிப்பத்திரம் கிடையாது. அந்தக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம், வாசலில் நட்ட சவுக்கு மரமும் தோட்டத்துக்குச் சொந்தம். அப்படிப்பட்ட குடும்பம் ஒன்றிலே, அரசாங்கத்தின் முத்திரையோடு ஒரு பெரிய சொத்துக்கு உரிமையாளர் இன்னார் என்று பெயர் எழுதப்பட்ட முதல் காகிதம், பல வீடுகளில் ஓட்டோவின் பதிவுப் புத்தகமாக இருந்திருக்கிறது. இப்பொழுது காரின் பதிவுப் புத்தகமாக இருக்கிறது. அந்தப் புத்தகத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கும் வீடுகளை நான் அறிவேன். ஆகையால், சின்னக் காரைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் தவறு இங்கே வெறும் பண நஷ்டமாக நின்றுவிடுவதில்லை. அதனால்தான் இதைப் பற்றி நிதானமாகப் பேச வேண்டும் என்கிறேன்.

மலைநாட்டுக்குச் சின்னக் கார் புதியதன்று. அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்து 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே வெளிவந்த மொரிஸ் மைனர், இந்தத் தீவில் வைத்தியர்களும் தலைமை ஆசிரியர்களும் தோட்டத்துப் பெரிய கிளார்க்குமாரும் விரும்பி வைத்திருந்த வாகனம். 1970க்கும் 1977க்கும் இடைப்பட்ட இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் புதிய கார் என்பதே அருமையாகிவிட்டதால், அவற்றைத் தட்டி, ஒட்டி, பாகங்களை இங்கேயே வார்த்து, ஒரு தலைமுறை முழுவதும் காப்பாற்றிவந்தார்கள். அந்தக் காலத்தையொட்டி உபாலி விஜேவர்தன மஸ்டா, பியட் கார்களை இங்கே பொருத்தி விற்றதும் உண்டு. ஆனால் அவை எங்கள் பக்கம் அதிகம் ஏறி வரவில்லை. எங்கள் மலைக்கு உண்மையில் ஏறி வந்த கார், இந்தியாவின் மாருதி 800. 1983ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் திகதி இந்திரா காந்தி முதற் காரின் சாவியை ஒரு சாதாரண வாடிக்கையாளரிடம் கொடுத்தார். 650 கிலோ அளவே எடையுள்ள அந்தக் கார், முப்பது ஆண்டுகள் உற்பத்தியில் இருந்து, 2014ஆம் ஆண்டு ஜனவரியில் நிறுத்தப்பட்டது. அதன் வழியில் வந்த ஆல்டோ, அதே 796 சிசி அளவு யந்திரத்தோடும் ஏறக்குறைய 700 கிலோ எடையோடும், இந்நாட்டின் நடுத்தரக் குடும்பங்களுக்கு முதற் கார் என்ற ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டது. 2011ஆம் ஆண்டில் டாட்டா நேனோ வந்தது. 624 சிசி யந்திரத்தைப் பின்பக்கத்தில் சுமந்த அந்த வண்டி கொழும்பில் வாடகைக் காராக நன்றாக ஓடியது, எங்கள் ஏற்றங்களில் மட்டும் மூச்சு வாங்கியது. அதன் பின் ஜப்பானின் 660 சிசி கார்கள் வந்தன.

இந்த 660 என்ற எண்ணுக்கு ஒரு காரணம் உண்டு. ஜப்பானிலே சின்னக் கார்களுக்கென்று அரசாங்கம் தனி வகுப்பு ஒன்றை வகுத்து, நீளம் 3.4 மீற்றருக்கும் அகலம் 1.48 மீற்றருக்கும் மேற்படக்கூடாது, யந்திரம் 660 சிசியைத் தாண்டக்கூடாது என்று விதித்து, அதற்குள் அடங்கும் கார்களுக்கு வரிச் சலுகை கொடுத்துவருகிறது. நெரிசலான நகரங்களுக்காக வகுத்த அந்த அகலம் எங்கள் தோட்டப் பாதைகளுக்கு அளந்து வைத்ததுபோல் பொருந்திவிட்டது. ஒருபுறம் மலைவெட்டு, மறுபுறம் காண் என்றிருக்கிற தோட்டப் பாதையில், எதிரே கொழுந்து ஏற்றிய ட்ரக்டர் வரும்பொழுது, ஓர் அடி அகலம் குறைவாக இருப்பதன் பெருமை என்ன என்பதை அநுபவித்தவர்களே அறிவார்கள். நம் நாட்டின் வரி விதிப்பும் யந்திரத்தின் கொள்ளளவைப் பொறுத்தே அமைந்திருப்பதாலும், 1000 சிசி என்பது அதில் ஒரு முக்கியமான எல்லைக்கோடாக இருப்பதாலும், சின்ன யந்திரங்களின் பக்கமே ஜனங்கள் சாய்ந்தார்கள். அந்தச் சாய்வின் உச்சத்தில் 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில், ஓடித் தேய்ந்த கார் புதிதாக வாங்கிய விலையைவிட அதிக விலைக்குப் போன விபரீதத்தை நாம் எல்லோரும் கண்டோம்.

2022ஆம் ஆண்டை எப்படி மறப்பது? அவ்வாண்டு ஜனவரியில் ஒரு லீற்றர் 92 ஒக்டேன் பெற்றோல் 177 ரூபா. ஜூன் 26ஆம் திகதி 470 ரூபா. விலையைக் கொடுக்கச் சித்தமாக இருந்தாலும் பெற்றோல் கிடைக்கவில்லை. நுவரெலியாப் பெற்றோல் செட்டிலே வரிசையில் நின்ற கார்களுக்குள் போர்வையைப் போர்த்திக்கொண்டு இரவைக் கழித்தவர்களில் நானும் ஒருவன். ஜூலை மாதத்துக் குளிரும் மழையும் எத்தகையவை என்பதை எங்கள் பக்கத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூலையில் கியூஆர் அட்டை முறை வந்து, வாரத்துக்குக் காருக்கு 20 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று பங்கீடு தொடங்கியபொழுதுதான், சின்னக் காரின் மகத்துவம் என் போன்றவர்களுக்கு முழுமையாகப் புலப்பட்டது. கந்தப்பளையிலிருந்து நுவரெலியாவுக்குப் போய்வர இருபது கிலோமீற்றர். வாரத்தில் ஆறு நாள் போய்வந்தாலும் எனக்கு ஒன்பது லீற்றர் போதும். மீதிப் பதினொரு லீற்றரில் பக்கத்து லயத்து முதியவர் ஒருவரை மருத்துவப் பரிசோதனைக்கு நுவரெலியா வைத்தியசாலைக்கு மாதம் இருமுறை அழைத்துச் செல்லவும், பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் நால்வரை ஏற்றிச் செல்லவும் முடிந்தது. பெரிய ஜீப் வைத்திருந்த என் நண்பருக்கோ அதே 20 லீற்றர் வியாழக்கிழமைக்குள் தீர்ந்துபோயிற்று. அவர் நல்ல மனிதர். அவருடைய வண்டிதான் கனமானது.

கனம் என்றேன். மலையிலே சிக்கனம் என்பதன் இரகசியம் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது என்பது என் துணிபு. கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு வரும் பிரயாணத்தை எடுத்துக்கொள்வோம். ஏறக்குறைய 1400 மீற்றர் உயரம் ஏற வேண்டும். நான்கு பேரும் மூட்டையும் சேர்ந்து 1000 கிலோ நிறையுள்ள ஆல்டோவை அந்த உயரத்துக்குத் தூக்கி வைக்க, யந்திரம் பெற்றோலின் வெப்பத்தில் கால் பங்கையே சக்தியாக மாற்றுகிறது என்று கொண்டால், ஓட்டத்துக்கு வேண்டிய பெற்றோலுக்கு மேலதிகமாக ஒன்றே முக்கால் லீற்றர் அளவு செலவாகிறது. அதே நான்கு பேர் 1600 கிலோ ஜீப்பில் ஏறினால், தூக்குவதற்கு மட்டும் மூன்று லீற்றருக்கு மேல் வேண்டும். காரின் வடிவம் காற்றைக் கிழிக்கிறதா, சக்கரம் பளபளக்கிறதா என்பவையெல்லாம் கீழ்நாட்டு நெடுஞ்சாலைகளில் எண்பதில், தொண்ணூறில் ஓடுகிறவர்களின் கவலை. இறம்பொடை வளைவுகளில் முப்பதைத் தாண்ட இயலாத நமக்கு எடையே கணக்கு. ஆகவே, வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதன்று. வண்டி எத்தனை கிலோ என்பதுதான்.

பத்திரிகைக் கணக்கில் ஆல்டோவுக்கு 22 கிலோமீற்றருக்கு மேல், ஜப்பானிய வெகன் ஆரின் சில வகைகளுக்கு 30க்கு மேலும் எழுதியிருப்பார்கள். என் குறிப்புப் புத்தகத்தில், தாங்கியை நிரப்பி ஓட்டி மறுபடியும் நிரப்பி எடுத்த கணக்கின்படி, ஏறும் வழியில் 13, ஏறியிறங்கி இரண்டையும் சேர்த்தால் 16 அல்லது 17. ஏறும்போது மட்டும் பார்த்து மனம் தளர்ந்து காரை விற்றவர்களும் உண்டு, இறங்கும்போது மட்டும் பார்த்துப் பெருமை பேசுகிறவர்களும் உண்டு, இரண்டும் சரியன்று. குளிரையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விடியற்காலையில் பனி படர்ந்த கண்ணாடியோடு நிற்கும் யந்திரம் சூடேறி ஒழுங்காக ஓடத் தொடங்குவதற்குள் பாதித் தூரம் கடந்துவிடுகிறது. ஆகவே பத்துக் கிலோமீற்றர்ப் பயணங்களில் பெற்றோல் அதிகமாகவே போகும். அதற்கு ஈடாக, குளிரூட்டி இங்கே தேவையில்லை என்பது ஒரு லாபம். ஆனால் கண்ணாடியின் ஆவியை நீக்கும் வெப்பக் காற்று வேலை செய்யாத காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது.

இங்கே ஒரு பழைய பழக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இறக்கத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுப் பெற்றோலை மிச்சப்படுத்துகிறோம் என்று எண்ணி உருட்டிக்கொண்டு போகிறவர்கள் எங்கள் பக்கம் இன்னும் பலர். மொரிஸ் மைனர் காலத்துக் காபரேற்றர் யந்திரத்தில் அதற்கு ஓரளவு நியாயம் இருந்திருக்கலாம். இன்றைய காரில், கியரில் இருந்தபடியே அக்ஸிலேற்றரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரங்கள்தாம் யந்திரத்தைச் சுழற்றுகின்றன. உள்ளே இருக்கும் கணினி பெற்றோல் பாய்வதையே நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ, யந்திரம் அணையாமல் இருப்பதற்கென்று பெற்றோல் தொடர்ந்து எரிந்துகொண்டேயிருக்கும். ஆகவே நியூட்ரல் சிக்கனமே அன்று. அதனோடு, யந்திரத்தின் பிடிப்பு இல்லாமல் வண்டியின் பாரம் முழுவதையும் பிரேக்கே தாங்க, அது சூடேறிச் சூடேறி ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காமல் போகிறது. ஏறுவதற்கு எந்தக் கியரோ இறங்குவதற்கும் அந்தக் கியர் என்று எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த லொறிச் சாரதி சொல்லுவார். அவர் நாற்பது ஆண்டுகள் மரக்கறி ஏற்றித் தம்புள்ளைக்கும் கொழும்புக்கும் இறங்கியவர். ஜப்பானிய ஓட்டோமெற்றிக் கார் வைத்திருப்பவர்களும் இறக்கத்தில் லீவரை டியிலேயே விட்டுவிடாமல், எல் அல்லது எஸ் என்று எழுதியிருக்கும் இடத்துக்கு இழுத்துக்கொள்ள வேண்டும். எத்தனையோ பேர் அந்த எழுத்து எதற்கு என்று கேட்காமலேயே ஐந்து ஆண்டு ஓட்டியிருக்கிறார்கள்.

மானுவலா, ஓட்டோமெற்றிக்கா என்ற கேள்வியில் என் அபிப்பிராயம் மானுவலின் பக்கமே சாய்கிறது. காரணம் பழமைப் பிடிவாதம் அன்று. ஜப்பானிய ஓட்டோமெற்றிக் ஹைபிரிட் கார் மிக நேர்த்தியானது, நகரத்தில் அதற்கு நிகரில்லை. ஆனால் அதன் கியர்ப் பெட்டியோ இருக்கைக்கு அடியிலிருக்கும் லித்தியம் பற்றரியோ பழுதானால், கந்தப்பளைக் கராஜில் கை வைக்க மாட்டார்கள். கண்டிக்கோ கொழும்புக்கோ லொறியில் ஏற்ற வேண்டும். ஆல்டோவின் கிளச் தட்டை ஒரு பகலில் மாற்றிக் கொடுக்கிறவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். அதற்குரிய பாகங்கள் நுவரெலியாவிலும் ஹட்டனிலும் சாதாரணக் கடைகளில் கிடைக்கின்றன. பக்கத்துக் கராஜ்காரரின் கைக்குப் பழகிய கார் எதுவோ, அதுவே ஏழைக்கு உகந்த கார். இதை நான் காரின் எடைக்கு அடுத்த இடத்தில் வைக்கிறேன்.

பழைய கார் வாங்குகிறவர்கள் ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணை நம்பிப் பேரம் பேசுகிறார்கள். நான் முதலில் வாங்கிய காரில் அந்த எண் 48,000 என்று இருந்தது. தரகர் ஒருவர் மூலமாக வந்தது. மூன்று மாதத்தில் கிளச் போயிற்று, ஐந்து மாதத்தில் சிலிண்டர் ஹெட்டின் கேஸ்கட் போயிற்று. பிறகு விசாரித்ததில் அந்த எண் திருப்பி வைக்கப்பட்டது என்பது தெரிந்தது. மனைவியின் நகையை மீட்க வைத்திருந்த பணம் அதில் போயிற்று. அந்த ஆண்டு முழுவதும் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை, பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பெரிய வருத்தம். அதிலிருந்து கற்றவை இவை: எண்ணைப் பார்க்க வேண்டாம், மிதிகளின் ரப்பர் தேய்வைப் பார்க்க வேண்டும், ஸ்டியரிங் சக்கரத்தின் வழுவழுப்பைப் பார்க்க வேண்டும். ஏற்றமான இடத்திலே கைப்பிரேக்கில் நிறுத்தி, மூன்றாம் கியரில் கிளச்சை விட்டுப் பார்க்க வேண்டும். யந்திரம் உடனே அணைந்தால் கிளச் நலமாக இருக்கிறது, அணையாமல் இரைந்துகொண்டிருந்தால் வழுக்குகிறது. பின் இருக்கையைத் தூக்கி அடியில் மண்ணும் கோவா இலையும் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். இது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் கார் மரக்கறி மூட்டை சுமப்பதும் உண்டு, மூட்டை சுமந்த காரின் ஸ்பிரிங் களைத்துப்போயிருக்கும். குளிர்ந்த யந்திரத்தின் ரேடியேற்றர் மூடியைத் திறந்து தண்ணீரின் மேல் எண்ணெய் மிதக்கிறதா என்று நோக்குவது எல்லாவற்றிலும் முக்கியம். மலையேறிக் கொதித்த யந்திரத்தின் சரித்திரம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

கார் வாங்குகிறவர்கள் பெற்றோலைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிறார்கள். லீசிங் என்ற தவணைக் கடனைப் பற்றி விசாரிப்பதில்லை. ஒரு சின்னக் காருக்கு மாதத் தவணை 40,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1350 ரூபா நாட்கூலியின்படி, அது ஒருவர் முப்பது நாள் ஓய்வின்றிக் கொழுந்து பறித்த கூலி. மாதம் முப்பது நாள் யாருக்கு வேலை கிடைக்கிறது? இந்தத் தவணைக்குப் பக்கத்தில், மாதம் எண்ணூறு கிலோமீற்றர் ஓடும் காரில் லீற்றருக்கு இரண்டு கிலோமீற்றர் கூடக் கிடைக்கிறதா குறைகிறதா என்பது அற்ப விஷயம். ஆறு லீற்றர் வித்தியாசம். மூன்று வருடமே ஆன காரை ஐந்து வருடத் தவணையில் வாங்குவதைவிட, பத்து வருடம் பழைய காரைக் கையிலுள்ள பணத்தோடு சிறு கடனைச் சேர்த்து இரண்டு வருடத்தில் அடைப்பது என்னளவில் மேலானது. தவணை முடியும் வரைக்கும் பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் கம்பனியின் பெயரே நிற்கும் என்பதையும், இரண்டு மூன்று தவணை பிந்தினால் வண்டியை இழுத்துக்கொண்டு போக ஆட்கள் வருவார்கள் என்பதையும் ஒப்பமிடுவதற்கு முன் யாரும் விளக்குவதில்லை; ஒப்பந்தம் அநேகமாக நமக்கு விளங்காத மொழியில் அச்சிடப்பட்டிருக்கிறது. கந்தப்பளையிலிருந்து அப்படி ஒரு கார் பட்டப் பகலில் இழுத்துச் செல்லப்பட்டதை நான் பார்த்தேன். அந்த வீட்டுப் பெண்கள் காருக்குள் இருந்த பிள்ளையாரை மட்டும் எடுத்துக்கொடுக்கும்படி கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

வருடந்தோறும் காப்புறுதியும், புகைச் சான்றிதழும், வருமான அனுமதிப்பத்திரமும், டயரும், எண்ணெயும் என்று ஆகும் செலவுகளை இங்கே விரிக்கவில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை. டயரை மட்டும் செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடக்கூடாது. மழைக்கால மண் வழுக்கலில் வழுவழுத்த டயரோடு இறங்குகிற காரை எந்தக் கியரும் காப்பாற்றாது.

நிறுத்துவதற்கு இடம் எங்கே என்ற கேள்வியும் இருக்கிறது. லயத்து வாசலில் காருக்கு இடமில்லை. படிகளில்தான் ஏற வேண்டும். ஆகவே கார் பாதையோரத்திலோ கோயில் திடலிலோ இரவைக் கழிக்கிறது. யாராவது ஒருவர் சன்னலைத் திறந்து அவ்வப்போது பார்த்துக்கொள்ளுகிறார். சரிவில் நிறுத்தும்போது முகம் கீழ்நோக்கியிருந்தால் ரிவேர்ஸ் கியரிலும், மேல்நோக்கியிருந்தால் முதற் கியரிலும் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லையும் முட்டுக் கொடுத்துவிட்டு வருவது எங்கள் வழக்கம். பாதையோரத்திலே கார் நிற்பதால் வரும் பலன் ஒன்று உண்டு: அது யாருடைய கார் என்பது பத்து லயத்துக்கும் தெரியும். நள்ளிரவில் வந்து கதவைத் தட்டுகிறார்கள். "சேர், புள்ளைக்கு மூச்சு எடுக்க முடியல, கொஞ்சம் காரை எடுங்க" என்று நிற்கிற தகப்பனிடம் பெற்றோல் கணக்கு பேசியவர்கள் யாரையும் நான் அறியேன்.

சென்ற வருடம் என்னிடம் படித்த ஓர் இளைஞர், இப்பொழுது ஆசிரியராக இருப்பவர், எந்தக் கார் வாங்கலாம் என்று கேட்டு வந்தார். புதிதாக வந்திறங்கிய கார்களின் படங்கள் அவருடைய தொலைபேசியில் நிறைந்திருந்தன. மேலே எழுதியவற்றையெல்லாம் இரண்டு மாலைப் பொழுதுகளில் அவரிடம் சொன்னேன். கடைசியில் அவர், தலவாக்கலையில் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் ஒருவர் வைத்திருந்த பழைய ஆல்டோ ஒன்றை, நானும் கராஜ்காரரும் உடன்சென்று பார்த்த பிறகு, சேமிப்பையும் கூட்டுறவுக் கடன் ஒன்றையும் கொண்டு லீசிங் இல்லாமல் வாங்கினார். சாம்பல் நிறம், இடது கதவில் ஒரு நசுங்கல், கிளச் நன்றாக இருந்தது. மாரியம்மன் கோயிலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, ஐயர் திருநீறு பூசி முடிந்ததும், முதலில் அம்மாவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்தார். அந்த அம்மாள் முப்பத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர்.

பெயர் மாற்றிய பதிவுப் புத்தகம் சில வாரங்களுக்குப் பின் வந்தது. அதைப் பார்ப்பதற்கென்று என்னை வீட்டுக்கு அழைத்திருந்தார்கள். அம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. மகன் தம் பெயர் இருந்த இடத்தைக் காட்டினார், அவர் விரலை வைத்துத் தொட்டுப் பார்த்தார். பிறகு அதற்குக் கீழே இருந்த வரியைக் காட்டி, அது என்ன என்று கேட்டார். முகவரி என்று சொன்னோம். அந்த வரியில் தோட்டத்தின் பெயரும், பிரிவின் பெயரும், கந்தப்பளை என்பதும் இருந்தன. வீட்டு இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.